மரை போன மூடி

அந்தச் சத்தம் கேட்டபோது நான் பிரசவ விடுதியின் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு மாதம். ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று மதராசிலிருந்து ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த கோடை அது. திருத்தணியில் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. மலைக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போகிற சத்திரங்களில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள். ஊரில் அவர்களுக்கென்று இருந்தது நான்கு கட்டில் போட்ட இந்த ஓட்டு வீடு ஒன்றுதான்.

டமார் என்று வெடித்தது. கூடவே ஓடு உடைந்து சரசரவென்று விழுந்தது. என் பக்கத்தில் இருந்த பட்டணத்து அம்மாள், "ஐயோ, இங்கயும் போட்டுட்டான்!" என்று அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டாள். நிறைமாதமாக இருந்த அவள் மகள் எழவும் முடியாமல் குனியவும் முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். நான் வயிற்றை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். 

பின்னறையிலிருந்து வெள்ளையாக ஆவி பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளிருந்து நர்ஸம்மா வந்தார். முகமெல்லாம் வியர்வை, ஒரு கை மட்டும் சிவந்திருந்தது.

"யாரும் பயப்படாதீங்க. குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆவிப்பானை வால்வு தெறிச்சிட்டுது."

ஆவிப்பானை என்று நாங்கள் சொன்னது ஒரு பெரிய செம்பு உருளையை. கட்டுத்துணி, பஞ்சு, கத்தரி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, கனமான பித்தளை மூடியைப் போட்டு இறுக்கி, அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைப்பார்கள். உள்ளே அடைபட்ட ஆவியில் கிருமி செத்துவிடும். ஆவி அளவு மீறிப்போனால் வெளியே விடுவதற்கு மூடியின் நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு வால்வு திருகியிருக்கும்; அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற முள் ஒன்று பானையின் பக்கத்தில் இருக்கும். அந்த வால்வுதான் ஆணிவேரோடு பிடுங்கினது மாதிரி கிளம்பி, கூரையில் ஓட்டை போட்டுக்கொண்டு போயிருந்தது. அரை அடி தள்ளி நின்றிருந்தால் நர்ஸம்மாவின் தாடை போயிருக்கும்.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லவேண்டும். என் அக்காள் தலைப்பிள்ளை பெற்ற ஏழாம் நாள் ஜுரம் கண்டு, பிதற்றிப் பிதற்றிச் செத்துப்போனாள். வீட்டில் வைத்துப் பார்த்த பிரசவம். பழம்புடவையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். அழுக்குத் துணியால் வந்த ஜுரம் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். எனக்கு அம்மாவும் இல்லை, பிரசவத்துக்குப் போகத் தாய்வீடும் இல்லை. இந்த விடுதியை நான் பார்த்து வைத்ததே அந்தச் செம்புப் பானைக்காகத்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் அது சீறுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்கு மனம் அடங்கும்.

நர்ஸம்மா என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் இருந்தா இதைச் சரி பண்ணிடுவார் இல்ல?"

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில் வேலையில் ஃபிட்டர். யுத்தம் வந்ததிலிருந்து வேலைக்கு நேரம் காலம் கிடையாது. அங்கேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். அன்று திங்கட்கிழமை.

"ஞாயித்துக்கெழமைதான் வருவாருங்க."

"மதராசுக்கு எழுதினா புது மூடி வர எத்தினி மாசம் ஆகுமோ. அங்க கடையே பாதி மூடிட்டாங்களாம். இந்த மூடியை நீங்க எடுத்துகினு போய் வெச்சிருங்கம்மா. அதுவரைக்கும் தண்ணியில கொதிக்க வெச்சி ஓட்டறேன்."

கத்தரியைக் கொதிக்க வைக்கலாம். துணியையும் கொதிக்க வைக்கலாம். ஆனால் அதை வெளியே எடுத்து, பிழிந்து, கொடியில் போட்டுக் காய வைப்பதற்குள் எத்தனை ஈ உட்காரும், எத்தனை தூசி படியும்? நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

சமையலறையை ஒட்டி நாங்கள் இறக்கியிருந்த சாய்ப்புதான் என் வீட்டுக்காரருடைய பட்டறை. ஒரு பலகை மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், நெஞ்சில் முட்டுக் கொடுத்துச் சுற்றுகிற கை டிரில், சுவரில் வரிசையாக அரங்கள். எல்லாவற்றிலும் அவர் உயிராக வைத்திருந்தது ஒரு தேக்குப் பெட்டி. எண்ணெய்த் துணி விரித்து அதன்மேல் மரை வெட்டுகிற சாமான்களை அடுக்கியிருப்பார்.

திருகாணிக்கு மேலும், நட்டுக்கு உள்ளேயும் சுற்றிச் சுற்றிப் போகிற வரிக்கு எங்கள் பக்கம் மரை என்று பேர். ஓட்டைக்குள் மரை வெட்டுவது டேப்பு. பார்வைக்குத் திருகாணி மாதிரிதான் இருக்கும். ஆனால் நீளவாக்கில் பள்ளம் ஓடி, ஒவ்வொரு வரியின் முனையும் கத்தி மாதிரி இருக்கும். வெளிப்பக்க மரைக்கு டை என்று ஒரு வளையம். தேய்ந்துபோன மரையை எழுப்புவதற்கும் இவைதான். டேப்பு ஒவ்வொரு அளவிலும் மூன்று இருக்கும். முதலாவது நுனி ஒடுங்கி, வழி கண்டுபிடித்துப் போகும்; இரண்டாவது அதை ஆழமாக்கும்; மூன்றாவது அடிவரைக்கும் வெட்டும்.

சைக்கிள், தையல் மெஷின், உற்சவத்து கேஸ் லைட், ஸ்டவ் என்று அவர் ஏதாவது ரிப்பேர் செய்துகொண்டே இருப்பார். நான் பிடித்துக்கொள்ள நிற்பேன். சின்ன ஓட்டைக்கு டேப்பு ஓட்ட என் கையே தோது என்று கொஞ்ச நாளில் அதை என்னிடமே விட்டுவிட்டார். அவர் கை சம்மட்டி பிடித்த கை. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது வெட்டுப்பட்ட துணுக்கு உடைந்து விழும் சின்னச் சத்தம் விரலுக்குத் தெரியும். அதைக் கேட்காமல் மேலே போகக்கூடாது.

மூடியை மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஓட்டை இரண்டு நூல் அளவு, அதாவது கால் அங்குலம். மேல் மரை முழுக்க வழித்துக்கொண்டு போயிருந்தது. கீழே நாலைந்து வரி மழுங்கலாக மிச்சம் இருந்தது போலத் தெரிந்தது. கூரையைத் துளைத்துப் போய் விழுந்த வால்வைத் தேடி எடுத்திருந்தார்கள். அதன் கால் மரை கெடவில்லை, மூடியிலிருந்து பிய்ந்த பித்தளை வரிகள்தான் அதில் ஜிகினா மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

ஞாயிறுவரை தொடாமல் இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பட்டணத்துப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை சாயங்காலமே பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. புதன்கிழமை காலையில் நான் நர்ஸம்மாவைப் பார்க்கப் போனபோது, அவள் அம்மா கட்டிலருகே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "குளிருதுக்கா," என்றாள். வெளியே நெருப்பாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். "நூத்தி மூணு. மாத்திரை கொடுத்திருக்கேன். ஜெபம் பண்ணிக்கோங்க."

"துணியாலயாங்க?"

 அவர் கையில் இருந்த தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த பிரசவம் இரண்டு நாளில், அதற்கு அடுத்தது வாரக் கடைசியில் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகச் சாய்ப்புக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூடியை வைஸில் பிடித்தேன். மிச்சமிருந்த நாலைந்து வரியை ஆழப்படுத்திவிட்டால் வால்வு பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நூல் டேப்பில் முதலாவதை எடுத்து, எண்ணெய் விட்டு, கைப்பிடியில் மாட்டினேன்.

வயிறு மேஜையில் இடித்தது. நேராகக் குனிய முடியாமல் ஒருக்களித்து நின்றுகொண்டு திருப்பினேன். முதல் இரண்டு சுற்றும் சரியாகப் போயிற்று. பிறகு கனத்தது. பின்னால் திருப்பினேன், துணுக்கு உடைகிற சத்தம் வரவில்லை. அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் என் காதில் 'குளிருதுக்கா' என்றதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அரைச் சுற்று என்று அழுத்தினேன்.

டக்.

கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். கைப்பிடி லேசாகிவிட்டது. பாதி டேப்பு கைப்பிடியில் இருந்தது. பாதி ஓட்டைக்குள் போய், பித்தளையின் மேல்பரப்புக்கு ஒரு நெல்மணி அளவு கீழே, பளபளவென்று முறிந்து நின்றது.

வேலை தெரிந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட விபத்து என்று புரியும். திருகாணி முறிந்தால் அதைத் துளைத்து எடுத்துவிடலாம். டேப்பு முறிந்தால் முடியாது; அது இரும்பை வெட்டுகிற எஃகு. டிரில் அதன்மேல் வழுக்கும், அரம் ஏறாது. உளியால் தட்டினால் சுற்றியுள்ள பித்தளைதான் பிய்யும். மரை தேய்ந்த மூடியை ஒன்றுக்கும் உதவாத மூடியாக்கிவிட்டேன். புது டேப்பு வாங்கவும் வழியில்லை. கடையில் இரும்பறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடுகூடக் கிடைக்காத காலம்.

அன்று முழுக்க ஒருவரிடமும் சொல்லவில்லை. சாய்ப்புக் கதவைச் சாத்திவிட்டு, சமைப்பது போலப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கை வைத்துப் பார்த்தேன். என் பயம் அதற்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றி அதற்கும் பயந்தேன்.

மறுநாள் காலையில் மனது கேட்கவில்லை. போய்ச் சொன்னேன். நர்ஸம்மா கையில் சோப்பு நுரையோடு நின்று கேட்டார். திட்டவில்லை. "சரி, இப்ப இன்னா வழி?" என்றார். அதுதான் எனக்குத் திட்டைவிடக் கடினமாக இருந்தது.

வழி எனக்கும் தெரியாது. ஆனால் முறிந்த துண்டை எடுப்பதையே பிழைப்பாகச் செய்கிறவர் யார் என்று யோசித்தபடி நடந்தேன். கடிகாரத்துக்குள் இருக்கிற திருகாணியெல்லாம் எள்ளுப் பிரமாணம், முறியாமல் இருக்காது. மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். புத்தூர்ப் பக்கத்துக்காரர், பாதி தெலுங்கு, பாதி தமிழ். அவரிடம் போய் முறிந்த பாதியைக் காட்டினேன்.

கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். "ஏம்மா, இது ராட்சசன் கடிகாரத்து ஸ்க்ரூவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவரத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மூடி சுத்தமா பித்தளைதானே? இரும்பு எங்கயும் இல்லியே?"

"இல்லீங்க."

"அப்படின்னா படிகாரம் போடு. படிகாரத் தண்ணி பித்தளையைத் தொடாது, எஃகைத் தின்னும். நாங்க சின்ன ஸ்க்ரூவை ஒரு ராத்திரி ஊற வெச்சா காலையில காணாப்போயிடும். உன்னுது பெருசு. சுட வெச்சிக்கினே இருக்கணும். எத்தினி நாளோ, நான் சொல்ல முடியாது. மண்சட்டியில வை, இரும்புச் சட்டியில வெக்காதே, சட்டிதான் போகும்."

"நிஜமாவே போயிடுங்களா?"

"பெரிசுல நான் பண்ணதில்லம்மா. போகணும்," என்றார்.

அந்தப் 'போகணும்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் நான்கு நாள் ஓட்டினேன்.

மளிகைக் கடையில் படிகாரம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டியது வீசைக் கணக்கில். அப்போதுதான் முடியிறக்குகிற கொட்டகை நினைவுக்கு வந்தது. மலைக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்கு மொட்டையடிக்கும்போது வெட்டுப்பட்ட இடத்தில் படிகாரம்தானே தேய்க்கிறார்கள்? நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊர்ப்பேச்சில் வேதக்காரர்கள். அந்தக் கொட்டகைப் பக்கம் நான் போனதே இல்லை. பெரிய வயிற்றோடு நான் போய் நின்றதும், சவரக் கத்தி பிடித்திருந்த நாலைந்து பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாம்மா, யாருக்கு முடி எறக்கணும்?"

"முடி இல்லண்ணா. படிகாரம் வேணும். நிறைய வேணும்."

ஏன் என்று கேட்டார்கள். பிரசவ விடுதிப் பானை என்று சொன்னேன். அவர்களில் ஒருவர் மனைவிக்கு அங்கேதான் பிள்ளை பிறந்ததாம். உள்ளே போய் ஒரு மூலையிலிருந்து தேங்காய் பருமனில் இரண்டு கட்டி கொண்டு வந்து, என் முந்தானையில் அவரே வைத்துக் கட்டினார். "ஆங், எடுத்துகினு போம்மா. பாத்து நட," என்றார்.

கொல்லையில் மூன்று கல் கூட்டி, வாயகன்ற மண்சட்டியை ஏற்றி, சவுக்கு விறகு வைத்தேன். படிகாரத்தை இடித்துப் போட்டுக் கரைத்து மூடியை அதில் அமிழ்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து ஓட்டையிலிருந்து ஊசிமுனையளவு ஒரு குமிழி புறப்பட்டு மேலே வந்தது. பிறகு இன்னொன்று. சோடா பாட்டிலில் வருமே, அந்த மாதிரி வரிசையாக வர ஆரம்பித்தது. நான் அடுப்புக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குமிழி வந்தால் நிம்மதி. குமிழி நின்றால் உயிர் போகும். படிகாரம் தீர்ந்துவிட்டதா, சூடு குறைந்துவிட்டதா, இல்லை, எஃகு இனிமேல் மசியாதா என்று தவிப்பேன். இன்னும் கொஞ்சம் இடித்துப் போடுவேன். தண்ணீர் சுண்டினால் ஊற்றுவேன். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா கொழம்பு இது, ரெண்டு நாளா கொதிக்கிது?" என்றாள். "சாயம் காய்ச்சறேன்," என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்; முடியாமல் போனால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடியைக் குறடால் தூக்கிப் பார்த்தேன். ஓட்டைக்குள் கறுப்பாக மை மாதிரி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு ஊசியால் குத்தினேன். எஃகு அப்படியே இருந்தது. ஆனால் பளபளப்புப் போய், சொரசொரவென்று சொத்தைப் பல் மாதிரி ஆகியிருந்தது. மறுபடியும் அமிழ்த்தினேன்.

சனிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா சொல்லி அனுப்பினார்: அந்தப் பட்டணத்துப் பெண்ணை வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டு போகிறார்கள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன் என்றால் பொய். என்னால் ஓட முடியாது. ஆடி ஆடிப் போய்ச் சேருவதற்குள் வண்டி நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் அவள் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெண் படுத்திருந்தாள் போலிருக்கிறது; எனக்குத் தெரியவில்லை. அம்மாள் என்னைப் பார்த்தாள், கை அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்தபோது நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமே பண்ணிகினு கீற?"

வாரம் முழுக்க என்னென்னவோ வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "ரெண்டு நூல் டேப்பை ஒடைச்சிட்டேங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். குறடை வாங்கி மூடியைத் தூக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஊசியை வாங்கி ஓட்டைக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். கறுப்பாக ஒரு துண்டு அசைந்தது. மூடியைக் கவிழ்த்து மரக்கட்டையால் தட்டினார். கரைந்து இளைத்துப்போன எஃகுத் துண்டு, பூச்சி அரித்த கிராம்பு மாதிரி மண்ணில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை.

"எதுக்கு அழுவுற? டேப்புக்கா?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அது போன மாசமே என் கையிலருந்து கீழ விழுந்தது. கல்லுமேல. ரேகை மாதிரி விரிசல் இருந்துது. உங்கிட்ட சொல்லல," என்றார்.

ஐந்து நாள் நான் பட்ட பாடு ஒரு நிமிஷம் கண்முன்னால் வந்துபோயிற்று. கோபம் வந்தது. ஆனால் நான் அழுத்தியதும் உண்மைதானே. எதனால் முறிந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஓட்டையின் மரை இப்போது சுத்தமாகப் போயிருந்தது. பெரிதாகத் துளைத்து, அதில் புது மரை வெட்டி, ஒரு பித்தளைக் குழலைத் திருகி, அந்தக் குழலுக்குள் வால்வை மாட்டவேண்டும் என்றார் அவர். அதுதான் முறை. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"அந்தக் குழலும் ஒரு நாள் மரை தேஞ்சி கௌம்பிடுச்சின்னா?"

"கெட்டியா வெட்டினா கௌம்பாது."

"இதுவும் கெட்டியாத்தானே வெட்டியிருப்பான், சீமைக்காரன்?"

அவர் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். பெட்டிக்கு அடியில் பழைய சாமான் டப்பாவில் ஆறுபட்டைத் தலை வைத்த ஒரு பித்தளை போல்ட் கிடந்தது, நான்கு நூல் பருமன். அதை எடுத்து வந்து காட்டினேன். "குழலுக்குப் பதிலா இது. நடுவுல ஓட்டை போட்டுக்கலாம். மேலருந்து திருகாம மூடிக்கு உள்பக்கத்துலருந்து திருகுங்க. தலை உள்ள இருக்கட்டும். ஆவி தள்ளினா தலை மூடியில முட்டிக்கும், வெளிய போக முடியாதில்ல?"

போல்ட்டை வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "ஆங்," என்றார். அவ்வளவுதான்.

மூடியின் ஓட்டையை டிரிலால் படிப்படியாகப் பெரிதாக்கி நான்கு நூல் டேப்பு ஓட்டினார். அது தடித்த டேப்பு. அதற்கு அவர் கைதான் சரி. போல்ட்டின் நடுவில் துளைத்து முடித்ததும், அதற்குள் இரண்டு நூல் மரை வெட்டவேண்டியிருந்தது. வழி கண்டுபிடிக்கிற முதல் டேப்பு இல்லை. இரண்டாவதைக்கொண்டே ஆரம்பிக்கவேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் அதுவும் போய்விடும். அவர் அதைக் கைப்பிடியில் மாட்டி, ஓட்டையில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நான் மாட்டேன்," என்றேன்.

"என் கை இதுக்கு ஆவாது மே. உனக்கே தெரியும்."

இந்த முறை முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் எதிரே குனிந்து, டேப்பு செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கால் சுற்றுத்தான் போனேன். அரைச் சுற்றுக்குத் துணியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னச் சத்தம் விரலில் படும்வரை காத்திருந்தேன். டேப்பை வெளியே எடுத்து, எண்ணெய் துடைத்து வால்வைத் திருகினபோது அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று பிற்பகலே விடுதிக்கு எடுத்துப் போனோம். போல்ட்டின் தலைக்கும் மூடிக்கும் நடுவில் ஆவி கசியாதபடி வெள்ளைப் பசை தடவி முறுக்கி, பானையை இறுக்கி, ஸ்டவ்வைப் பற்ற வைத்தார் அவர். நோயாளிகளைப் புளியமரத்து நிழலுக்கு அனுப்பியாயிற்று. நர்ஸம்மா மட்டும் நகரவில்லை.

"முள்ளு எங்க நிக்கிதுன்னு நாந்தான் பாக்கணும். நாளைக்கு நீங்களா வந்து நிக்கப் போறீங்க?"

அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நர்ஸம்மா முள்ளின் கணக்கைச் சத்தமாகச் சொல்லுவது கேட்டது. ஐந்து. எட்டு. பத்து. ஒவ்வொரு கணக்குக்கும் நடுவில் எத்தனை நேரம்! பன்னிரண்டு. போன தடவை பதினான்கில்தான் தெறித்தது என்று நர்ஸம்மா சொல்லி எனக்குத் தெரியும். பதினான்கு என்று கேட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தின கைக்குள்ளேயும் அந்தச் சத்தம் வந்தது. வெடி இல்லை, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சீறல். வால்வு தானாகத் தூக்கி, வேண்டாத ஆவியை வெளியே விட்டது. மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். மூன்று முறையும் சீறியது.

அவர் மறுநாள் விடிகாலை வண்டியில் அரக்கோணம் போய்விட்டார். நான் தினமும் விடுதிக்குப் போய் மூடிக்கு மேலே அந்த போல்ட்டைச் சுற்றிப் பொட்டளவு ஈரமாவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். நர்ஸம்மாவுக்கே சலித்துவிட்டது. "நீ அதைப் பாக்கறதை விட்டுட்டு உன் காலு வீங்கியிருக்கறதைப் பாரு," என்றார்.

வேலூருக்குப் போன பெண் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. நர்ஸம்மா இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்தக் குடும்பம் தங்கியிருந்த சத்திரத்தில் விசாரித்தேன். சாமான்களை யாரோ வந்து எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள். திங்கட்கிழமையே நான் துணிந்து வேலையை ஆரம்பித்திருந்தால், அல்லது புதன்கிழமை ஆரம்பிக்காமலே இருந்திருந்தால் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். எப்படி நினைத்தாலும் அவளுக்குத் துணி போட்டது திங்கட்கிழமை சாயங்காலம்தான். அது புத்திக்குத் தெரிகிறது.

எனக்கு வலி கண்டது அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கட்டிலில் கிடந்தபோது பின்னறையில் ஸ்டவ் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. என் பிரசவத்துக்கான துணிதான் வேகிறது என்று தெரிந்தது. இடுப்பு முறிகிற வலிக்கு நடுவிலும் நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முள்ளு எத்தினில நிக்கிதுங்க?"

"இந்தப் பொண்ணு ஒருத்தி! முக்கு, முள்ளை நான் பாத்துக்கறேன்."

"சொல்லுங்க, எத்தினி?"

"பன்னெண்டு. போதுமா?"

அது சீறுகிற சத்தம் வந்த பிறகுதான் நான் கண்ணை மூடினேன். மத்தியானத்துக்கு முன்னால் பெண் பிறந்தாள்.

நாலாம் நாள்வரை என் நெற்றியை நானே நூறு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன். தொடுகிற கையும் சுடுகிற நெற்றியும் ஒரே உடம்பு என்பதால் ஒன்றும் தெரியாது. நர்ஸம்மா காலையிலும் மாலையிலும் தெர்மாமீட்டர் வைப்பார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழாம் நாள் முழுக்க நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் அக்காளைப் பற்றி அவரிடம் அதற்கு முன்னால் நான் விவரமாகச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் விடிந்தது.

பத்தாம் நாள் காலையில் நர்ஸம்மா தெர்மாமீட்டரைப் பார்த்து, உதறி, டப்பாவில் போட்டு மூடினார். "ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி கூப்பிட்டுகினு வீட்டுக்குக் கௌம்பு. கட்டில் வேணும் எனக்கு."

"இன்னும் ஒரு நாள் பானைச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேங்க," என்றேன்.

 அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, குழந்தைக்குத் துணி மாற்ற ஆரம்பித்தார்.